பொட்டு வைத்த பானட்டும் ஒரு பிடி சோப்புப் பொடியும்

அமாவாசை இரவில் மேல்மலையனூர் தூங்காது. நள்ளிரவை ஒட்டி அங்காளம்மன் ஊஞ்சலில் ஆடுவாள். எதிரே நிற்கும் கூட்டம் கையில் கற்பூரம் ஏந்தியிருக்கும். அது முடிந்துதான் ஊர் கலையும். ஒரு பக்கம் அரசுச் சிறப்புப் பேருந்துகள் உறுமிக்கொண்டு கிளம்ப, இன்னொரு பக்கம் வெட்டவெளியில் நிறுத்திய கார்கள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு சாலைக்கு ஏறும். தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், ஆந்திரம் என்று எல்லா நம்பர் பிளேட்டும் அந்த வரிசையில் உண்டு. பூஜை போட்ட வண்டிகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். பானட்டில் மஞ்சள் பூச்சு, அதன் நடுவே குங்குமம், கிரில்லில் எலுமிச்சை மாலை, பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலை, சக்கரத்தோரம் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காயின் சிவப்புச் சாறு.

நம் கதை மறுநாள் காலையில் தொடங்குகிறது. விடியலில் வீடு வந்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, வெயில் ஏறியபின் வாசலுக்கு வந்து காரைப் பார்த்தால் மனசு பொறுக்காது. ஒரு பக்கெட் போர் தண்ணீர், ஒரு பிடி சோப்புப் பொடி, ஒரு பழைய பனியன். அரை மணி நேரத்தில் வண்டி பளபளவென்று ஆகிவிடும். சில மாதம் கழித்து ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே நிறுத்தும்போதுதான், சிலந்தி வலை பின்னினாற்போல் பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் இருப்பது கண்ணில் படும். “பெயின்ட் மட்டம்” என்று கம்பெனிக்காரனுக்குத் திட்டு விழும்.

கம்பெனிக்காரனை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடலாம். அம்மனுக்கு வைத்த பொட்டாலும் காருக்குப் பெரிய சேதமில்லை. அதைத் துடைக்கிற அவசரத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

மேலே இருப்பது நாற்பது மைக்ரான்

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். வெயிலையும் எச்சத்தையும் துணியையும் வாங்கிக்கொள்கிற கிளியர் கோட்டின் தடிமன் ஏறக்குறைய 40 மைக்ரான்தான். தலைமுடி இதைவிடத் தடி. கடையில் மெஷின் வைத்து பாலிஷ் போடும்போது கீறல் மறைவது எப்படி என்றால், கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும். போனதை எந்த வாக்ஸும் திரும்பக் கொண்டுவராது.

நம் வீட்டுப் பெரியவர்களின் பழக்கங்கள் வேறொரு காலத்துப் பெயின்டில் கற்றவை. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். “பெயின்ட் போகுது, போதும் நிறுத்து” என்று கண்ணே சொல்லிவிடும். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. இப்போதைய வண்டியில் தேய்ந்து வருவது நிறமற்ற கிளியர் கோட் என்பதால் துணி சுத்தமாகவே இருக்கும். எச்சரிக்கை எதுவும் வராது. வெளுத்துத் திட்டுத் திட்டாக உரிய ஆரம்பித்த பிறகு தெரிந்து பயனில்லை. அப்போது பெயின்ட் கடைக்குத்தான் போக வேண்டும்.

இதோடு, மேல்மலையனூர் இருக்கும் செஞ்சிப் பக்கத்து மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று செஞ்சிக் கோட்டையின் மூன்று குன்றும் கருங்கல் பாறை. 2025 ஜூலையில் மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. கோட்டைக்குப் பெருமை சேர்த்த அதே பாறை, பொடிந்து சாலைப் புழுதியாகும்போது காருக்கு எமன். அந்தப் புழுதியில் குவார்ட்ஸ் உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, கத்தி அலகு சுமார் 5.5. கத்தியைவிடக் கடினமான துகள் பானட்டில் படிந்திருக்க, அதன்மேல் உலர்ந்த துணியை வைத்து ஒரு இழு இழுத்தால் என்ன ஆகும்? காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் மஞ்சள் துணியால் “சும்மா ஒரு தட்டுத் தட்டுவது” இருக்கிறதே, வீட்டில் நடக்கும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம். வாரம் முழுக்கப் புழுதியோடு ஓட்டுவது இதைவிட எவ்வளவோ மேல். விபூதியும் இந்தக் கணக்கில்தான் வரும். அது காய்ந்த பொடி. கையால் வழித்து எடுக்கக் கூடாது, தண்ணீர் விட்டு ஓடவிட வேண்டும்.

ஆலம் கரைக்கத் தெரிந்த வீட்டில்

மஞ்சள் கறை விஷயத்துக்கு வருவோம். ஆரத்திக்கு ஆலம் கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போட்டால் சட்டென்று சிவக்கும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான். துணி துவைக்கும் சோப்புப் பொடியும் காரம்தான். அதன் கரைசலின் பிஎச் அளவு ஏறத்தாழ 10. பானட்டில் இருக்கும் மஞ்சள்மேல் அதை ஊற்றினால், வாசலில் நிற்கும் காரிலேயே ஆலம் கரைத்தாகிவிட்டது. வெள்ளைக் காரில் மஞ்சள் இருந்த இடம் செம்பழுப்பாகும். பயந்துபோய் இன்னும் கொஞ்சம் பொடி போடுவார்கள், இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். கறை போகிறதோ இல்லையோ, அந்த இடத்தில் கீறல் நிச்சயம்.

குர்குமின் தண்ணீரில் லேசில் கரையாது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: வெயில் பட்டால் வெளுத்துவிடும். மஞ்சள் பட்ட வேட்டியை வெயிலில் காயப்போட்டால் கறை மங்குவதைப் பார்க்காதவர் யார்? காருக்கும் அதே வைத்தியம்தான். கார் ஷாம்பு போட்டு ஒருமுறை கழுவியபின் லேசாக மஞ்சள் மிஞ்சினால் தேய்க்காமல் விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது சில நாள் வேலை.

குங்குமத்தின் குணம் வேறு. அசல் குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துச் செய்வது. கடைத்தெருவில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலும் செயற்கைச் சாயம். ஈரம் பட்டால் அந்தச் சாயம் கரைந்து பரவும். ஆகவே குங்குமத்தின்மேல் நேராக ஈரத் துணியைப் போடுவது மகா தவறு. ஒரு பொட்டு ஒரு முழத்துக்கு இளஞ்சிவப்புப் பட்டையாகிவிடும். பானட் இடுக்கு, ஹெட்லைட் ஓரம், கீழ்ப்புறம் இருக்கும் பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் என்று சாயம் போய் உட்காரும் இடங்கள் பல. முதலில் பொடியை ஊதியோ மெல்லிய பிரஷ்ஷால் தட்டியோ உதிர்க்க வேண்டும். பிறகு ஓஸ் பைப்பில் தாராளமாகத் தண்ணீர் விட்டு அடித்துச்செல்ல விட வேண்டும். கை வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பூசணிச் சாற்றுக்குள்ளும் அதே குங்குமம்தான். சக்கர வளைவின் உட்புறத்தை மறந்துவிடாதீர்கள்.

எலுமிச்சை மாலையை நான்கு நாள் அப்படியே விட்டுவைப்பவர்கள் அதிகம். அம்மனுக்குச் சாத்தியதைச் சட்டென்று கழற்ற மனம் வராது, நியாயம்தான். ஆனால் எலுமிச்சைச் சாற்றில் இருப்பது சிட்ரிக் அமிலம். பழம் அழுகிச் சாறு வடிந்து, கை வைக்க முடியாத சூட்டில் பானட்டின்மேல் காய்ந்தால் கிளியர் கோட்டில் மங்கலான தடம் விழும். காக்கை எச்சம் செய்கிற அதே வேலை. டயருக்கு அடியில் வைத்து ஏற்றும் எலுமிச்சையால் ஒரு தொந்தரவும் இல்லை. மாலையை அன்றைக்கே எடுத்துப் பூஜையறை வாசலில் மாட்டிவிடலாம். வேப்பிலைக் கொத்தும் அப்படியே. உதிரும் இலை கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பள்ளத்தில் சேர்ந்து தண்ணீர் வடியும் துளையை அடைத்துக்கொள்ளும். ஒரு மழையில் காருக்குள் தண்ணீர் வந்தால் அதற்கான மூலகாரணம் எங்கே என்று மெக்கானிக் தேடிக்கொண்டிருப்பார்.

பூசாரியிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். பொட்டைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் எந்தச் சாயமும் ஏறாது. முன்கண்ணாடியின் உச்சியில் நடுவே கேமரா இருக்கும் புது வண்டிகளில் அந்த இடத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். பம்பரில் பொத்தான்போல் வரிசையாகத் தெரிவது பார்க்கிங் சென்சார். அது பொட்டு வைக்க வசதியாக வட்டமாக இருப்பதால் எல்லோருக்கும் அங்கேதான் கை போகிறது. பின்பக்கக் கேமராவில் சந்தனம் பூசிவிட்டு, “ரிவர்ஸ் கேமரா அவுட்” என்று சர்வீஸ் சென்டரில் போய் நிற்பதும் உண்டு.

போர் தண்ணீரின் வெள்ளைப் புள்ளி

எதைப் போட்டுக் கழுவுகிறோம் என்று யோசிக்கிற அளவுக்கு எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லையென்றால் 600 வரை போகலாம். பாறைக்குள் ஆழமாகப் போட்ட போரில் வரும் தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்பதை வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருக்கும் வெள்ளையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் கார்மேல் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கின்றன.

வெயிலில் கழுவக் கூடாது என்பதன் காரணம் இதுதான். சூடான தகட்டில் தண்ணீர் நொடியில் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். ஷாம்பும் வழியுமுன்னே காய்ந்து தடமாகும். காலை ஏழு மணிக்குள் அல்லது சூரியன் இறங்கியபின், பானட்டில் புறங்கையை வைத்தால் சுடாத நேரத்தில் செய்யுங்கள். வேப்ப மர நிழல் நல்லதுதான், கழுவுகிற நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்க அங்கேயே நிறுத்தினால் பறவைகள் நன்றி சொல்லிவிட்டுப் போகும்.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுங்கள் என்று சொல்லாத ஆளில்லை. தண்ணீர் மிச்சம் என்பது சரி. ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் திரண்டிருப்பது அந்தத் தண்ணீரில்தான். அதை வாசல் தெளிக்கவோ மிதியடி கழுவவோ வைத்துக்கொள்ளலாம். மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு ஏறக்குறைய கிடையாது. கடைசியாக ஊற்றி அலசுவதற்கு அதைவிட, மழைநீரைவிட, உசத்தி எதுவுமில்லை.

புள்ளி விழுந்தே விட்டதென்றால், வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து அந்த இடத்தில் சற்று வைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். ஸ்கிரப்பர் போட்டுச் சுரண்டுவது வேண்டவே வேண்டாம். செராமிக் கோட்டிங் போட்டாயிற்று, இனி ஒன்றும் ஒட்டாது என்று நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன்மேலும் உப்புப் புள்ளி விழும், எலுமிச்சைச் சாறு தடம் போடும். விளம்பரத்தில் வரும் “9எச்” என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரம் 10 என்கிற மோஸ் அளவோடு அதைக் குழப்பிக்கொண்டு, கருங்கல் புழுதியை உலர்ந்த துணியால் துடைக்கப் போகக் கூடாது.

ரெண்டு பக்கெட்

செய்முறை பெரிய ரகசியம் இல்லை. ஒரு பக்கெட்டில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் வண்டி முழுக்கத் தண்ணீர் அடித்து மண்ணை இளக்கி ஓடவிட்ட பிறகு, கூரையிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பாகம் துடைத்ததும் வெறும் தண்ணீர் பக்கெட்டில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குப் போக வேண்டும். ஒரே பக்கெட்டை வைத்துக்கொண்டால், கதவின் கீழ்ப்பகுதியில் எடுத்த மண்ணைப் பானட்டில் கொண்டுபோய்த் தேய்த்துவிடுவோம். சக்கரத்துக்குத் தனித் துணி, தனித் தண்ணீர். பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள் அங்கே இருக்கிறது. துணி கை தவறிக் கீழே விழுந்தால் அன்றைக்கு அந்தத் துணிக்கு ஓய்வு. உதறிவிட்டுத் திரும்ப எடுப்பது வேண்டாம்.

மெக்கானிக் கடையின் பனியன் வேஸ்ட் கைக் கிரீஸுக்கு அருமையான பொருள். அதில் எங்கேயாவது தடித்த தையல், ஓரிடத்தில் பட்டன் இருக்கும். காருக்கு ஆகாது. டீசலில் நனைத்த துணியால் துடைத்தால் புதுக் கார்போல மின்னும் என்பதும் கடைகளில் வழிவழியாக வரும் யோசனைதான். மின்னுவது உண்மை. எண்ணெய்ப் படலம் மின்னத்தான் செய்யும். மறுநாள் சாலைப் புழுதி அத்தனையும் அதில் வந்து ஒட்டும். கதவு ரப்பரும் ஊறிப் போகும். ஒட்டிக்கொண்ட தார்ப் பொட்டை எடுக்கத் துளி மண்ணெண்ணெய் தொட்டு, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுவது வரைக்கும் பரவாயில்லை.

கதவைத் திறந்தால்

நம் ஊர் கார்களுக்கு இளமஞ்சள் கலந்த பழுப்பில் சீட் வைக்கும் யோசனை யாருடையதோ, அவர் குங்குமப் பிரசாதம் வாங்கிய குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பார்த்ததில்லை. சீட்டில் கொட்டிய குங்குமத்துக்கும் வெளியே சொன்ன அதே சட்டம்தான்: ஈரம் கடைசியில். முதலில் வாக்குவம் கிளீனர், அது இல்லையென்றால் பிரஷ். பிறகு ஷாம்பு நுரையை மட்டும் துணியில் எடுத்து ஒற்றி எடுப்பது. பக்கெட் தண்ணீரைச் சீட்டில் ஊற்றிக் கழுவும் தைரியசாலிகளும் உண்டு. ஸ்பாஞ்சுக்குள் போன தண்ணீர் வாரக்கணக்கில் காயாது, பூஞ்சை நாற்றம் ஏசியைப் போட்டதும் முகத்தில் அடிக்கும். சில வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரும் ஓடுகிறது.

மாசி மாதம் அங்காளம்மன் கோயிலின் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போய்வந்த வண்டியைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அன்று சூறைவிடும் சுண்டலும் கொழுக்கட்டையும் தானியமும் பிடித்து வந்தவர்கள் பாதியைச் சீட் இடுக்கில் விட்டிருப்பார்கள். எறும்பு வரும், அதன்பின் எலி வரும். சுண்டலைத் தின்றுவிட்டு எலி சும்மா போவதில்லை. வயரைக் கடித்துப் பார்க்கும்.

டேஷ்போர்டில் பளபளப்புக்காகச் சிலிக்கோன் பாலிஷ், சிலர் வீட்டில் தேங்காய் எண்ணெய். இரண்டும் வெயிலில் முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசவைக்கும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அதைப் பூசிவிட்டால் வழுக்கும். அதைப் பிழை என்பதைவிட ஆபத்து என்று சொல்வதே சரி. அம்மன் சிலையை டேஷ்போர்டின் இடப்பக்கம் நடுவில் பசை போட்டு ஒட்டுவதும் அந்தக் கணக்குதான். முன்சீட்டில் உட்காருபவருக்கான ஏர்பேக் அந்த இடத்து மூடிக்குக் கீழேதான் இருக்கிறது. 2021 முதல் புது மாடல்களில் அது கட்டாயம். மோதலில் மூடி வெடித்துத் திறக்கும்போது, அதன்மேல் இருப்பது எதுவானாலும் முன்சீட்டுக்காரரை நோக்கித்தான் பறக்கும். சிலைக்கு இடம் ஓட்டுநருக்கும் முன்சீட்டுக்கும் நடுவே, ஏசி துளைகளுக்கு மேலே கொஞ்சம் தள்ளி.

மிச்சம் இருப்பவை சின்னச் சின்னவை. இன்ஜினை பிரஷர் வாஷர் வைத்து வீட்டில் அடிக்காதீர்கள். ஃபியூஸ் பாக்ஸும் சென்சார் கனெக்டர்களும் நேரடி அழுத்தத்துக்காகச் செய்தவை அல்ல. ஈரத் துணியில் தூசி துடைத்தால் போதும். மஞ்சளித்த ஹெட்லைட்டை டூத்பேஸ்ட்டால் தேய்த்தால் தெளிவது நிஜம், ஆனால் வெயிலைத் தடுக்கும் பூச்சும் கூடவே போய்விடுவதால் சில மாதத்தில் முன்னைவிட மோசமாக மஞ்சளிக்கும். டயர் பாலிஷ் பக்கச் சுவரோடு நிற்கட்டும், தரையில் படும் பகுதிக்குப் போகக் கூடாது. கதவுகளின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். மண் அடைத்தால் கதவுக்குள்ளேயே தண்ணீர் நின்று உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

துடைத்து முடித்ததும் உடனே கவர் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குள் போக வேண்டாம். கண்ணாடியை இறக்கி, அப்படியே பக்கத்துக் கூட்டுரோடு வரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். நான்கைந்து முறை பிரேக்கை மெதுவாக மிதித்தால் டிஸ்க்கில் இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்து இரவு முழுக்க நிறுத்தினால் பின்சக்கரப் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, காலையில் வண்டி நகர மறுக்கும். சமதரை என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் அண்டை கொடுத்தால் போதும்.